ஊருக்குச் சொன்ன வியாதி

எனக்கு வந்தது டி.பி. ஊருக்குத் தெரிந்தது பி.பி. இடையில் இருந்த அந்த ஒரே ஒரு எழுத்தை மாற்றிவிட்டவர் என் அம்மா. அந்த ஒரு எழுத்தால் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஆறு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் எங்கள் கம்பெனியில் ஒருவருக்கு இதே நோய் என்று தெரிந்து, மனிதர் சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் இருந்துச்சுங்க" என்றேன். நம்பவே இல்லை. நம்பும்படியாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். எழுத எழுத அந்த நாட்களே நன்றாக இருந்ததுபோல் தோன்றுகிறது. மனசு ஒரு வேடிக்கையான சாமான்.

2006. எனக்கு அப்போது கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க் வேலை. வீடு பக்கத்திலேயே குடிகாட்டில். நானும் அம்மாவும்தான். மனைவி ஜெயந்திக்குத் தை மாதம் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்குத் திட்டக்குடியில் அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். அவள் போன பத்தாம் நாள் எனக்கு இருமல் பிடித்தது. மாசி முடிந்தும் விடவில்லை. சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காயும், விடியும்போது பனியன் வியர்வையில் நனைந்திருக்கும். பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். கம்பெனியில் அதற்கும் ஒரு கிண்டல்.

"பொண்டாட்டி ஊருக்குப் போனா மனுசன் இப்படியா இளைப்பான் மச்சான்?"

நானும் சிரித்துக்கொண்டேன். இருமலுக்குக் காரணம் கம்பெனிக் காற்றுதான் என்று குடிகாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டு மூன்று பாட்டில் இருமல் மருந்தைக் காலி செய்தேன். பங்குனியில் ஒருநாள் ஸ்டோர் மாடிப்படி ஏறும்போது வலது பக்க விலாவில் குத்தியது. பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கடலூர் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் முதுகில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். இடது பக்கம் தட்டினால் ஒரு சத்தம், வலது பக்கம் அடியில் தட்டினால் வேறு சத்தம். நிரம்பின குடத்தையும் காலிக் குடத்தையும் தட்டுவதுபோல் எனக்கே வித்தியாசம் கேட்டது. "சளி டெஸ்ட், எக்ஸ்ரே ரெண்டும் எடுங்க. கம்பெனிக் காத்து அது இதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க" என்றார்.

சளிப் பரிசோதனை என்றால் ஒரே தடவை துப்பிக் கொடுப்பதில்லை. வந்த அன்று ஒன்று, மறுநாள் விடிந்ததும் வீட்டில் எடுத்தது ஒன்று, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது இன்னொன்று, ஆக மூன்று. அதைக் கண்ணாடித் துண்டில் பூசிச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். அப்புறம் அமிலம் ஊற்றிக் கழுவுகிறார்கள். மற்றதிலெல்லாம் சாயம் போய்விடும், இந்தக் கிருமி மட்டும் சாயத்தை விடாது. அதுதான் ரிப்போர்ட்டில் ஏ.எஃப்.பி. என்று வருவது. எனக்கு அதற்குப் பக்கத்தில் இரண்டு ப்ளஸ் குறி போட்டிருந்தது. பத்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு ப்ளஸ்கூட வாங்காதவன் நான். பரவாயில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். ப்ளஸ் அதிகமாக அதிகமாகக் கிருமி ஜாஸ்தி என்று லேபில் இருந்த பெண் சொன்ன பிறகுதான் உட்கார இடம் தேடினேன்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறை இருக்கிறதாம். கிருமியால் அந்த இரண்டுக்கும் நடுவில் நீர் கோத்திருக்கிறது. ப்ளூரல் எஃப்யூஷன் என்று அதற்குப் பெயர். அதை ஊசி போட்டு எடுக்க வேண்டும், சில நாள் படுக்க வேண்டும், சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். "ஆறு மாசம் மாத்திரை. ஒருவேளைகூட விடாம சாப்பிட்டா சுத்தமா குணமாயிடும்." நான் கேட்டது ஒரே கேள்வி. "சார், வைஃபுக்கு இது மாசம். குழந்தை பொறந்தா?" "சளியில கிருமி இருக்கற வரைக்கும் இருமினா, பேசினா காத்துல பரவும். சின்னக் குழந்தைங்களுக்குச் சீக்கிரம் ஒட்டும். எப்ப கிட்ட போகலாம்னு நாங்க சொல்றோம்" என்றார். மற்றதெல்லாம் மறந்துவிட்டது, சின்னக் குழந்தைக்குச் சீக்கிரம் ஒட்டும் என்பது மட்டும் காதில் நின்றுவிட்டது.

வெளியே வந்து பார்த்தால், கூட வந்து கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவைக் காணோம். கேட்டுக்கு வெளியே காயின் போனில் பேசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு வந்து, ஏதோ பெரிய காரியத்தை முடித்தவர்போல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திட்டக்குடிக்குச் சொல்லிட்டேன். பி.பி.ன்னு சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லு."

"பி.பி.யா? எனக்கு டி.பி.ம்மா."

"தெரியும்டா. டி.பி.ன்னா மாசமா இருக்கற புள்ள பயந்து போயிடும். ஊரும் ஒதுக்கி வைக்கும். பி.பி. இல்லாத வூடு எங்க இருக்குது? ஒரு எழுத்துதானே மாறுது."

"பி.பி.க்கு யாராவது சிதம்பரத்துல போய்ப் படுப்பாங்களாம்மா?"

"உனக்கு ஜாஸ்தி பி.பி."

அதற்குமேல் நான் வாதாடவில்லை. எனக்கும் அந்தப் பொய் வசதியாகத்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

சிதம்பரத்தில் பன்னிரண்டு நாள் இருந்தேன். நீர் எடுக்கும்போது நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து, முதுகுச் சாய்மானத்தின்மேல் கையை மடித்துத் தலையை வைக்கச் சொன்னார்கள். மரத்துப்போக ஒரு சின்ன ஊசி, அப்புறம் விலா எலும்புகளுக்கு நடுவில் பெரிய ஊசி. வலியைவிட, உள்ளே யாரோ எதையோ இழுக்கிற உணர்ச்சிதான் பயம். பாட்டிலில் வைக்கோல் நிறத்தில் நீர் ஏறியது. முக்கால் லிட்டருக்கு மேல் இருக்கும். எடுத்து முடித்ததும் முழு மூச்சு ஒன்று விட்டேன். மூன்று மாதத்தில் அதுதான் முதல் முழு மூச்சு. அடுத்த நாளே மாத்திரை ஆரம்பம். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள், ஒரே வேளையில் ஏழு மாத்திரை. முதல் மாத்திரை விழுந்த சில மணி நேரத்தில் சிறுநீர் செக்கச் செவேலென்று ஆரஞ்சு நிறத்தில் போனது. ரத்தம் என்று நினைத்துச் சிஸ்டரைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டிவிட்டேன். "மாத்திரையோட கலருப்பா அது. கலரு வந்தா மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம். கண்ணு மஞ்சளானா மட்டும் ஒடனே சொல்லு, அது கல்லீரல் சமாச்சாரம்" என்று சிரித்தார்.

பக்கத்துக் கட்டிலில் பரங்கிப்பேட்டை பாய் ஒருவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், வளைகுடாவில் கடை வேலை. விடுமுறைக்கு வந்தவர், திரும்பப் போக விசா மெடிக்கல் எடுத்ததில் எக்ஸ்ரேயில் நிழல் விழுந்து மாட்டிக்கொண்டார். தன்னை 'அன்ஃபிட் பாய்' என்றுதான் அறிமுகம் செய்துகொள்வார். வார்டில் காதில் விழுகிற வார்த்தைகளையெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சேகரிப்போம். ஈ.எஸ்.ஆர். என்றால், ரத்தத்தைக் குழாயில் நிறுத்தினால் எவ்வளவு வேகமாக அடியில் படிகிறது என்று பார்ப்பது. சீக்கிரம் படிந்தால் உடம்பில் எங்கோ கோளாறு. மான்டூ என்றால் முன்கையில் தோலுக்கடியில் ஒரு துளி ஏற்றி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை ஸ்கேல் வைத்து அளப்பது. "தையக் கடையில அளவு எடுக்கற மாதிரி எடுக்குறானுவ. சட்டை எப்ப தருவானுவன்னுதான் தெரியல" என்பார் பாய். ஒருவர் இருமினால் மற்றவர் ஸ்கோர் சொல்வோம். அவ்வளவு சிரித்த நாட்கள் எனக்கு அப்புறம் அமையவில்லை.

எட்டாம் நாள் அம்மா கற்கண்டுப் பொட்டலத்தோடு வார்டுக்குள் நுழைந்தார். "பொம்பளப் புள்ளடா. மூணு கிலோ. தாயும் சேயும் நல்லா இருக்காங்க." நான் பாட்டுக்கு எழுந்து செருப்பைத் தேடினேன். எங்கே போகப் போகிறேன் என்று செருப்பு கிடைத்த பிறகுதான் உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பாய் எழுந்தார். தலைமாட்டிலிருந்த பேரீச்சம்பழ டப்பாவை எடுத்துக்கொண்டு வார்டு முழுக்க, "இந்தாங்க, நம்ம தம்பிக்கு மவ பொறந்திருக்கு" என்று கொடுத்துவிட்டு வந்தார். கடைசியில் எனக்கும் ஒன்று நீட்டினார். "என் மவள நான் ரெண்டு வயசுலதான் மொதல்ல பாத்தேன். ஏர்போர்ட்ல என்னைப் பாத்து மாமான்னுச்சு. ஒனக்கு அடுத்த சளி டெஸ்ட் வரைக்கும் ரெண்டு மாசந்தானே? அல்லா லேசாக்கி வைப்பான், தின்னு" என்றார்.

குடிகாட்டுக்குத் திரும்பியதும் பி.பி.யின் திருவிளையாடல் ஆரம்பித்தது. எதிர்வீட்டார் மீன் குழம்பு கொடுத்தனுப்பினால், "உங்களுக்குன்னு உப்பே போடல" என்று சொல்லிக் கொடுப்பார்கள். டாக்டரோ முட்டை, பருப்பு, மீன் எல்லாம் நன்றாகச் சாப்பிட்டு எடை ஏற்றச் சொல்லியிருந்தார். யாராவது பார்க்க வந்தால் அம்மா அவர்கள் எதிரிலேயே எனக்கு உப்பில்லாத ரசத்தை ஊற்றுவார். அவர்கள் போனதும் அடுப்படியிலிருந்து இரண்டு முட்டை வரும். எடை ஏறியது. "பி.பி. வந்தா மொகத்துல பளபளப்பு வருமா?" என்று கேட்டவர்களும் உண்டு.

மாத்திரை மட்டும் என் கையில் தரமாட்டார்கள். கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்பது சர்க்காரின் காசநோய்த் திட்டத்தில் முறை. கொஞ்சம் தேவலை என்றதும் ஜனங்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடுகிறது, அதனால்தான் இந்தக் காவல். ஆறு மாதத்துக்கான மருந்தும் ஒரே பெட்டியில், மேலே என் பெயர் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்த லூர்துமேரி அக்காவிடம் வந்துவிட்டது. மகளிர் குழுவில் இருந்தவர், பயிற்சி எடுத்து இந்தப் பொறுப்பை ஏற்றவர். கடை வாசலில், காற்றோட்டமான இடத்தில் நிற்கவைத்துத் தண்ணீர் கொடுப்பார். ஏழும் இறங்கும்வரை ஊசியில் நூல்கூடக் கோக்க மாட்டார். "ஆ காட்டு. நாக்கத் தூக்கு. ம், போ." தெருவில் எனக்கு என்ன நோய் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒருநாள்கூட வாய் திறக்கவில்லை.

திட்டக்குடியில்தான் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. ஜெயந்தியின் அப்பா, என் மாமனார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பது வருடம் இன்ஜின் சத்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்ததில் காது மந்தம். அவருக்குப் பல வருடமாக பி.பி. உண்டு. "மாப்ள நம்ம கட்சிக்கு வந்துட்டாரு" என்று முதலில் சந்தோஷப்பட்டவர், குழந்தைக்குப் பதினாறாம் நாளும் நான் போகவில்லை என்றதும் போனில் கத்தினார். "நான் பி.பி.ய வச்சிகிட்டே மெட்ராஸ் வரைக்கும் பஸ் ஓட்டினவன் மாப்ள! நீங்க பஸ்ல உக்காந்து வர முடியாதா?"

ஜெயந்தி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கடைசியாக ஒருநாள், "பொம்பளப் புள்ளன்னுதான் வரலியா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். "பச்ச ஒடம்புக்காரிடா. பால் வத்திப்போச்சுன்னா யாரு பொறுப்பு?" என்றார். மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன்.

வைகாசியில், குழந்தைக்கு முப்பது நாள் தாண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. மாமா இறங்கினார். பின்னாலேயே ஜெயந்தி, கையில் பூத்துவாலையில் சுற்றிய குழந்தை. முகத்தில் சிரிப்பில்லை. நேராக என்னை நோக்கி வந்தாள்.

"நீங்கதான் வரல. கொண்டாந்துட்டேன். புடிங்க. பாத்துட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க."

இரண்டு எட்டு எடுத்து வைத்தால் குழந்தை என் கையில். நான் பின்னால் நகர்ந்தேன். அவள் இன்னும் ஒரு எட்டு வைத்தாள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

"அங்கயே நில்லு! கிட்ட வராத!"

அவள் முகம் போன போக்கை இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது. அம்மா ஓடிவந்து, "பி.பி. ஏறிடுச்சும்மா, அதான் கத்துறான்" என்றார். அந்த நிமிஷம் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பி.பி. இல்ல. எனக்கு டி.பி."

"அதான் தெரியுமே மாப்ள, பி.பி. எனக்கும்தான் இருக்குது" என்றார் மாமா.

"பி இல்ல மாமா, டி! டி.பி.!"

"ஆங்?"

"டீத்தூளுக்குப் போடற டி!"

"டீத்தூளா? வந்ததும் வராததுமா இப்ப எதுக்கு டீ?"

"காசநோய் மாமா! நெஞ்சுல கிருமி! குழந்தைக்கு ஒட்டிக்கும்! அதான் வரல!"

குடிகாடு முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்துத் தெருக் குழாயடியில் பேச்சு நின்றது. ஒன்றரை மாதம் அம்மா கட்டிக் காத்த ரகசியத்தை நான் எழுத்துக்கூட்டி ஊருக்கு ஒப்பித்துவிட்டேன். மாமா தலையில் கைவைத்துக் கார் பம்பரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜெயந்தி நகரவில்லை. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, "அப்ப பொம்பளப் புள்ளன்னு இல்லியா?" என்றாள்.

"போட்டோகூட கேக்காம இருந்தேன். பாத்தா ஓடி வந்துடுவேனோன்னு" என்றேன்.

அவள் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். கோபம் எல்லாம் அம்மா பக்கம் திரும்பியது. "என்கிட்ட சொல்லியிருந்தா நான் பயந்திருப்பேன் அத்த. இப்ப ஒரு மாசமா செத்துப் பொழைச்சேனே, அது மட்டும் பரவால்லியா?"  அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அம்மாவைத் திட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை. பொய்யைக் கண்டுபிடித்தவர் அவர் என்றால், அதற்குள் சௌகரியமாகப் படுத்துக்கிடந்தவன் நான்.

தையல் கடையிலிருந்து லூர்துமேரி அக்கா டேப்பைக் கழுத்தில் மாட்டியபடியே வந்தார். "அஞ்சு வாரத்துக்கு மேல மாத்திர ஒழுங்கா போயிருக்கு. பரவறது நெறைய கொறஞ்சிருக்கும். ஆனாலும் நம்மளா சொல்லக் கூடாது. நாளைக்கே புள்ளைய டாக்டருகிட்ட காட்டிடுவோம்" என்றார். அவர் சாதாரணமாகப் பேசியதில் தெருவுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. சாயங்காலம் எதிர்வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது. உப்பு போட்டிருந்தது.

டாக்டர் குழந்தையைச் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, முன்தடுப்பாகக் குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு மாத்திரையைப் பொடித்துத் தினமும் கொடுக்க வேண்டும் என்றார். எனக்கு, வாயை மூடிக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் குழந்தையைப் பார்க்கலாம், பயம் வேண்டாம் என்றார். பயம் சொன்னால் கேட்கிற சரக்கா? இரண்டு மாத முடிவில் சளிப் பரிசோதனை இருக்கிறதே, அது வரட்டும் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் மாதம்தான் மகளை அனுப்புவது என்றிருந்த மாமாவிடம், "நான் இங்கயே இருக்கேம்பா" என்று ஜெயந்தி சொல்லிவிட்டாள். நான் வாசல் கொட்டகையில் படுத்துக்கொண்டேன். தினமும் காலையில் பத்தடி தள்ளி நின்று குழந்தையின் முகத்தை என் பக்கம் திருப்பிப் பிடிப்பாள். குழந்தை கொட்டாவி விடும், வேப்பமரத்துக் காக்காயைப் பார்க்கும், என்னை மட்டும் பார்க்காது. அந்த மூன்று வாரத்தில் அதற்குப் புருவம் முளைத்ததைப் பத்தடி தூரத்திலிருந்தே பார்த்தேன்.

ஆனி மாதம் கடலூரில் பரிசோதனை. ரிப்போர்ட்டில் இந்தத் தடவை ப்ளஸ் எதுவும் இல்லை. "சளியில கிருமி இல்ல. இனிமே மூணு மாத்திரைதான். ஆனா நாலு மாசம் பாக்கி இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க" என்றார் டாக்டர். பஸ்ஸில் வரும்போது அந்தச் சீட்டை எத்தனை தடவை மடித்துப் பிரித்தேன் என்று கணக்கில்லை.

வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி வைத்திருந்தார்கள். கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஜெயந்தி ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். முட்டிபோட்டு உட்கார்ந்து, குழந்தையை என் மடியில் வைத்து, தலைக்கடியில் என் கையை எடுத்து முட்டுக்கொடுத்தாள். மடி சுட்டது. இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. குழந்தை காலை உதைத்தது, என் சட்டைப் பொத்தானைப் பிடித்தது, முதல்தடவையாக நேராக என்னைப் பார்த்தது. அதன் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. நான் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, காதில் இரைச்சல் கேட்டது, நெஞ்சு முட்டியது.

"ஏங்க" என்றாள் ஜெயந்தி. "மூச்ச வுடுங்க."

விட்டேன். குழந்தையின் நெற்றியில் முடி அசைந்தது.